சாட்டர்டே நைட் ஸ்பெஷல்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் குற்றச் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் என்றாவது ஒருநாள் இந்தத் தொடரில் முட்டிக்கொள்வார்கள். 'சனிக்கிழமை இரவுச் சிறப்பு' என்று எழுதினால் டிவி நிகழ்ச்சியா, பிரியாணிக் கடை விளம்பரமா என்று வாசகர் குழம்புவார். இது விலை மலிவான, குழல் குட்டையான, சின்னத் தோட்டா போடும் கைத்துப்பாக்கி. சட்டைப்பையில் அடங்கிவிடும். பெரும்பாலும் .22, .25, .32 கேலிபர் (அங்குலத்தில் சொல்லும் குழலின் உள்விட்டம்), மில்லிமீட்டரில் ஏறத்தாழ 5.6, 6.35, 7.65.

முதலில் 'ஸ்பெஷல்'. நம் ஓட்டலில் ஸ்பெஷல் தோசை என்றால் நெய்யும் விலையும் கூடும். அமெரிக்கக் கடையில் 'ஸ்பெஷல்' என்பது பல நேரம் அன்றைக்கு விலை குறைத்து விற்கும் சரக்கு. துப்பாக்கி உலகத்துக்கும் இந்தச் சொல் புதிதல்ல. '.38 ஸ்பெஷல்' என்று புகழ்பெற்ற தோட்டாவே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்ற மட்டமான ரிவால்வர்களுக்குச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் வைத்த பெயர் 'சூசைட் ஸ்பெஷல்'.

சரி, சனிக்கிழமை இரவு எங்கிருந்து வந்தது? வாரக்கூலி கைக்கு வரும், குடி, அப்புறம் சண்டை என்பது பொதுவான விளக்கம். டெட்ராய்ட்டில் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் அங்கிருந்தவர்கள் பக்கத்து மாநிலத்து டொலீடோவுக்குக் காரில் போய் வாங்கிவந்தார்கள், வார இறுதியில் சுட்டுக்கொண்டார்கள், போலீசார் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கறுப்பினத்தவர் குடியிருப்பைக் கேவலமாகச் சுட்டும் ஒரு பழைய வசையின் மிச்சம்தான் இது என்று 1976இல் பாரி புரூஸ்-பிரிக்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதினார். இவற்றில் எதுவும் முடிந்த முடிபாக நிறுவப்படவில்லை. ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் பெயர் சுட்டுவது துப்பாக்கியை அல்ல, அதை வாங்குகிற ஆளை. மொழிபெயர்ப்பில் நழுவிப்போவதும் இதுதான்.

தொடர் நாடெங்கும் பரவியது 1968ஐ ஒட்டி. அந்த ஜூனில் ராபர்ட் கென்னடி .22 ரிவால்வரால் சுடப்பட்டு இறந்தார். அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். விளையாட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லாத துப்பாக்கிகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது. ஆனால் உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை. ஜெர்மனியின் ரோம் (Röhm) நிறுவனம் உதிரிபாகங்களைக் கொண்டுவந்து மயாமியிலேயே பூட்டத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், லார்சின் போன்ற கம்பெனிகள் முளைத்தன. இந்த வட்டாரத்துக்கு 'நெருப்பு வளையம்' என்றே பெயர் விழுந்தது.

சட்டத்தில் இதற்கு வரையறை எழுதுவதுதான் பெரிய தலைவலி. 1970களில் கூட்டாட்சி முகமை ஒன்று தன் ஆய்வுக்காக விலை 50 டாலருக்குக் கீழ், குழல் 3 அங்குலத்துக்கு மிகாமல், கேலிபர் .32க்கு மிகாமல் என்று வைத்துக்கொண்டது. விலைவாசி ஏறினால் வரையறை என்ன ஆகும்? இல்லினாய் மாநிலம் வேறு வழி பிடித்தது. 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 427 செல்சியஸுக்குக் கீழ் உருகும் உலோகத்தில் முக்கிய பாகங்கள் இருந்தால் விற்கக் கூடாது. மலிவுத் துப்பாக்கிகளை வார்க்கும் துத்தநாகக் கலவை 400 செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். ஒரு ஆயுதத்தை உருகுநிலையால் அடையாளம் காணும் சட்டம் விநோதம்தான், ஆனாலும் விலையை வைத்து அளப்பதைவிட நேர்மையானது.

இந்தத் துப்பாக்கியால் என்ன பயன்? .25 தோட்டாவின் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். குழல் குட்டை, குறிமுள் பெயருக்கு. கொஞ்சம் தள்ளிப் போனாலே குறி தவறலாம். .22 தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துத்தான் அதை வெடிக்க வைப்பார்கள், அது சில நேரம் வெடிக்காமலே போகும். அந்தக் குறையைத் தவிர்க்கத்தான் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1905 வாக்கில் அடிப்பாகத்தின் நடுவில் அடிக்கும் .25ஐ வடிவமைத்தார். அவருடைய சின்னத் துப்பாக்கி நேர்த்தியான வேலைப்பாடு. அதை யாரும் 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று சொல்வதில்லை. சிறியது என்பதாலேயே மட்டரகம் ஆகிவிடாது.

வலு குறைந்த தோட்டா என்பதால் ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டது டல்லாஸ் அடகுக்கடையில் வாங்கிய .22 ரோம் ரிவால்வர். காரில் பட்டுத் தெறித்த தோட்டா அவர் நுரையீரல்வரை போனது. அதே தாக்குதலில் சுடப்பட்ட அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி ஆயுள் முழுக்க ஊனத்தோடு வாழ்ந்தார். இன்னொரு ஆபத்து வைத்திருப்பவருக்கே: மட்டமான சில மாடல்கள் கீழே விழுந்தாலே வெடிக்கும். 1999இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் கீழே போட்டுப் பார்க்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது இதனால்தான்.

ஆதரிப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பயம் அதிகமுள்ள தெருவில் வாழும் ஏழைக்கு நல்ல துப்பாக்கியின் விலை கட்டுப்படியாகாது. மலிவானதை மட்டும் தடுத்தால் தற்காப்பு பணக்காரர் சொத்தாகிவிடும் என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஜேம்ஸ் ரைட், பீட்டர் ரோசி என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1980களில் பத்து மாநிலச் சிறைகளில் கைதிகளைக் கேட்டபோது, அவர்கள் விரும்பியது பெரிய, நன்றாகச் செய்த துப்பாக்கிகளையே. 'குற்றவாளியின் ஆயுதம்' என்ற முத்திரை முழுக்கப் பொருந்தவில்லை.

இப்போது தமிழ்ச் சொல். இந்த வகையில் ரிவால்வரும் உண்டு, பிஸ்டலும் உண்டு. அதனால் 'சுழல்துப்பாக்கி' போதாது, 'கைத்துப்பாக்கி' என்ற பொதுச்சொல்லே அடித்தளம். சிலர் 'நாட்டுத் துப்பாக்கி' என்று எழுதுகிறார்கள். அது தவறு, அந்தச் சொல் நமக்குப் பட்டறையில் அடித்த துப்பாக்கியைத்தான் நினைவூட்டும். 'கள்ளத்துப்பாக்கி'யும் ஒத்துவராது, இது ரசீது போட்டுக் கடையில் விற்ற சரக்கு. செய்திக்கும் சட்டத்துக்கும் 'மலிவுக் கைத்துப்பாக்கி' போதும். ஆங்கிலத்தில் இருக்கும் அலட்சியமும் வேண்டுமென்றால் 'மட்டரகக் கைத்துப்பாக்கி'. கதையில் ஒரு பாத்திரம் பேசும்போது ஆங்கிலத் தொடரையே விட்டுவிட்டு, அடுத்த வரியில் பொருள் புரியும்படி செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: பொருளாதாரச் செய்தியில் இதே தொடர் வந்தால் துப்பாக்கியைத் தேடாதீர்கள். 1979 அக்டோபர் 6, சனிக்கிழமை, அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் யாரும் எதிர்பாராமல் வட்டியை ஏற்றியதற்கும் சந்தை இந்தப் பெயரைத்தான் வைத்தது. அங்கே 'சனிக்கிழமை அதிரடி' என்று எழுதினால் சரியாக இருக்கும்.