புகார் சொன்ன கணக்காளருக்கு முதலில் பறிபோவது பாஸ்வேர்ட்

உள்ளாட்சி அமைப்புகளில் முறைகேட்டைச் சுட்டிக்காட்டிய கணக்காளரை யாரும் மறுநாளே வேலையை விட்டுத் தூக்குவதில்லை. தூக்கினால் கேள்வி வரும். தணிக்கைக்குப் போன இடங்களில் நான் பார்த்த வரிசையே வேறு. முதலில் மென்பொருளில் அவருக்கு இருந்த அனுமதி குறையும். பில்கள் அவர் மேசைக்கு வராமல் சுற்றிப் போகும். கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுபோகும். அப்புறம்தான் 'வேலையில் சுணக்கம்' என்று மெமோ வரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண நிர்வாக நடவடிக்கைகள். தேதிவாரியாக அடுக்கினால்தான் பழிவாங்கல் தெரியும்.

ஆகவே சந்தேகத்தை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். அதிகாரியின் அறையில் பேசியது அங்கேயே கரைந்துவிடும், வவுச்சரில் (பணம் கொடுத்ததற்கான சீட்டில்) உங்கள் கையெழுத்து மட்டும் நிற்கும். விசாரணை வந்தால் முதல் கேள்வியும் உங்களுக்குத்தான். வவுச்சர் எண், தேதி, மீறப்பட்ட விதி, இவ்வளவையும் கோப்பிலேயே குறிப்பாக எழுதுங்கள். 'அவர் திருடினார்' என்று எழுத வேண்டாம். 'வேலை முடிந்ததற்கான சான்று இல்லாமல் பணம் கொடுக்கப்பட்டுள்ளது' என்றால் போதும், படிப்பவருக்குப் புரியும்.

கோபத்தில் பலர் செய்கிற காரியம், முழுக் கோப்பையும் பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது. முறைகேட்டை விட்டுவிட்டு 'ரகசியம் மீறினார்' என்று விசாரணையை உங்கள் பக்கம் திருப்ப அதுவே போதும். சர்வதேசக் கணக்காளர் ஒழுக்க நெறியில் 2017 ஜூலை முதல், பொதுநலன் கருதி உரிய அதிகார அமைப்பிடம் தகவல் தர இடமுண்டு. உரிய அமைப்பிடம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

புகார் வந்ததும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள டிக்சன் நகரைச் சொல்லலாம். அங்கே நிதி அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 5 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். ஆண்டுதோறும் தணிக்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது (எங்கள் தொழிலுக்குப் பெருமையில்லை). 2011இல் அவர் விடுப்பில் போனபோது, நகர அலுவலக கிளார்க் வங்கியிடம் எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் கேட்டார். யாருக்கும் தெரியாத கணக்கு ஒன்றும் அதில் வந்தது. கிளார்க் அதை மேயரிடம் காட்டினார். மேயர் அலுவலகத்தில் வாய் திறக்காமல் நேராக எஃப்பிஐயிடம் போனார். 2012 ஏப்ரலில் கைது நடக்கும்வரை அந்த கிளார்க் கிரண்ட்வெல்லுடனேயே வேலை பார்த்தார். தகவல் கொடுத்தவர் யார் என்பது கசியவில்லை.

சட்டமும் ஓரளவுக்குத்தான் வரும். முறைகேட்டைப் புகார் செய்வோரைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, புகாருக்கு 7 நாளில் ஒப்புகை, 3 மாதத்தில் பதில் தர வேண்டும். எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் இல்லை என்று நிரூபிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் 10,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகராட்சிகளுக்கு உள்புகார் ஏற்பாட்டிலிருந்து விலக்குத் தர உறுப்பு நாடுகளுக்கு அனுமதி உண்டு. வெளி அமைப்பிடம் போகும் வழி இருந்தாலும், எனக்கு இது உறுத்துகிறது. பில் போடுவதும் காசோலை எழுதுவதும் ஒரே ஆளாக இருப்பது சின்ன அலுவலகங்களில்தான். புகார் சொன்னது யார் என்று யூகிப்பதும் அங்கேதான் சுலபம்.

நான் இப்போது தணிக்கை தொடங்கும்போதே, கணக்குப் பிரிவிலிருந்து அந்த ஆண்டு மாற்றப்பட்டவர்களின் பட்டியலையும் கேட்டு வாங்குகிறேன். தரத் தயங்கினால், அவர்கள் கடைசியாகப் பார்த்த கோப்புகளை முதலில் எடுக்கிறேன்.