தெவிட்டல் அன்று, நிறச்செறிவு

தண்டையார்பேட்டையில் நான் பாடம் எடுக்கும் ஒளிப்பட வகுப்புக்கு வந்த அச்சுத்தாளில், 'சாச்சுரேஷன்' என்பதற்குத் 'தெவிட்டல்' என்று போட்டிருந்தது. காசிமேட்டில் எடுத்த படகுப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர், "சார், இதுல தெவிட்டலை ஏத்தணுமா, இறக்கணுமா?" என்று கேட்டபோது, இச்சொல்லை வெகுநாள் பொறுத்துவந்த எனக்கே தெவிட்டிவிட்டது.

இலத்தீனில் 'சாத்துர்' என்றால் வயிறு நிறைந்த நிலை. ஆங்கிலச் சொல் அதன் வழி வந்தது. ஒளிப்படத்திலோ, ஒரு நிறம் அதே வெளிச்சமுள்ள சாம்பலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே அதன் பொருள். ஃபோட்டோஷாப்பில் இதை -100க்கு இறக்கினால், படகின் நீலமும் சிவப்பும் சாம்பலாகிவிடும்.

'தெவிட்டல்' நம் வேதியியல் பாடநூலின் 'தெவிட்டிய கரைசலில்' இருந்து எடுத்த சொல். குறித்த வெப்பநிலையில் இதற்குமேல் உப்புக் கரையாது என்னும் எல்லையைச் சொல்வதால் அங்கே அது பொருந்துகிறது. நிறத்தில் நாம் பேசுவது எல்லையை அன்று, கூடவும் குறையவும் கூடிய அளவை. கரைசலில் அப்படிக் கூடிக் குறையும் அளவுக்கு அதே பாடநூல் 'செறிவு' என்ற சொல்லை வைத்திருக்க, மொழிபெயர்ப்பாளர் பக்கத்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்பார்கள். இலத்தீன்காரர் வயிற்றுக்கு உண்மையாக இருந்து, திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரைக் குழப்புவதில் என்ன உண்மை? மங்கிய நிறங்களை மட்டும் கூடுதலாகத் தூக்கிவிடும் 'வைப்ரன்ஸ்' அதே தாளில் 'அதிர்வு' ஆகியிருந்தது. அகராதியைத் திறக்கும் கை மென்பொருளையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம்.

'அடர்த்தி' என்று சொல்வோரும் உண்டு. ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அடர்நீலச் சேலை கேட்டால் கருமை கூடிய நீலத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதில் வெளிச்சமும் குறைந்துவிடுகிறது. குறளின் 'செறிதொடி' முதல் நெருக்கத்தையும் இறுக்கத்தையும் சுட்டிவரும் 'செறி', நிறத்தின் வீரியத்தை மட்டும் சொல்லும், வெளிச்சத்தைத் தொடாது. ஆகவே அளவுக்கு நிறச்செறிவு, ஏற்றுவதற்குச் செறிவூட்டல், 'டீசாச்சுரேட்' என்பதற்குச் செறிவிறக்கம். 'தெவிட்டல் நீக்கம்' என்று எழுதியிருந்த வரியை என் தாளில் அடித்துவிட்டேன்.