டாக்டர் போனை எடுத்துப் பார்த்தால்

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, செருப்புக்கூடப் போட முடியவில்லை. யூரிக் ஆசிட் வலி. வழக்கமாக கோல்சிசின் எழுதுவேன். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அவருக்கு 2.1, அதிகம். சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அந்த மருந்து சீக்கிரம் வெளியேறாது, அளவில் கவனம் வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்று போனை எடுத்துப் பார்த்தேன். கூட வந்த மகன் தன் மனைவியிடம், "இவருக்கே தெரியல போல" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

கோபம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானே நோயாளி எதிரில் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று கை பழகிய மருந்தையே எழுதி அனுப்பிவிடுவேன். சாயங்காலம் வரிசை இன்னும் நீளமாக இருக்கும்.

1999இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 103 குடும்ப மருத்துவர்களுக்கு, நோயாளிகளைப் பார்க்கும்போது என்னென்ன சந்தேகம் எழுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 1,101 கேள்விகள். பத்து நோயாளிகளைப் பார்த்தால் மூன்றுக்கு மேல். அடிக்கடி வந்தவற்றில் ஒன்று, 'இந்த மருந்தின் அளவு என்ன?' மொத்தக் கேள்விகளில் 64 சதவீதத்துக்கு அப்போதே யாரும் விடை தேடவில்லை. தேடியவற்றில் ஐந்தில் நான்குக்கு விடை கிடைத்தது, அதுவும் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குள்!

சரி, தேடாத இடத்தை எது நிரப்புகிறது? பெரும்பாலும் பழக்கம். கொஞ்சம் மெடிக்கல் ரெப், அதாவது மருந்துக் கம்பெனியின் விற்பனை ஆள். 1982இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி டாக்டர்களிடம் கேட்டபோது, விளம்பரமும் ரெப்பும் தங்களைப் பாதிப்பதில்லை, ஆய்விதழ்களைத்தான் நம்புகிறோம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் இரண்டு வகை மருந்துகளைப் பற்றி அவர்களில் பலர் நம்பியது, ஆய்விதழ் சொன்னதை அல்ல, விளம்பரம் சொன்னதை. என் மேஜையில் இருக்கும் பேனாவிலும் ஒரு கம்பெனி பெயர்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று, ஊகம். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், மருந்து எதிர்பார்த்து வந்த நோயாளிக்கு அது கிடைக்கும் வாய்ப்பு, எதிர்பார்க்காதவரைவிட கிட்டத்தட்ட 3 மடங்கு. நோயாளி எதிர்பார்க்கிறார் என்று டாக்டர் நினைத்துவிட்டாலோ 10 மடங்கு!

இதைப் படித்தபோது ஓர் அம்மா நினைவுக்கு வந்தார். பையனுக்குச் சளி, இருமல். "ஸ்கூலுக்கு லீவு போட முடியாது டாக்டர்" என்றார். ஆன்டிபயாட்டிக் கேட்கிறார் என்று நானாக எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். சாதாரண வைரஸ் சளி, அதற்கு அது தேவையே இல்லை. அடுத்த முறை வந்தபோது சொன்னார்: "நிமோனியாவா இருக்குமோன்னு பயந்துதான் சார் வந்தேன்." அதனால் பயம் என்றால் பயம் என்றே சொல்லிவிடுங்கள். மாத்திரை வேண்டாம் என்றால் அதையும். வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்து வாருங்கள்.

அந்தப் பெரியவருக்குக் குறைந்த அளவில் எழுதி, சீட்டை நீட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பாதி காலியான டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து, "இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்றார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூன்று நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுக்கிற மாத்திரை.

"இதை மொதல்லயே சொல்லலையே ஐயா?"

"நீங்க கேக்கலையே" என்றார்.