காற்றில் கலந்த மீத்தேனுக்கு ஊர் எது?

1999 முதல் 2006 வரை, பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனின் அளவு காற்றில் ஏறக்குறைய ஏறாமல் நின்றது. 2007இல் மறுபடி ஏறத் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. அமெரிக்காவில் ஷேல் பாறைகளை உடைத்து எரிவாயு எடுப்பது பெருகிய காலம் அது. கசிவுதான் காரணமோ என்ற சந்தேகம் அங்கே போனது இயல்புதான். ஆனால் மீத்தேனின் கார்பனை எடைபோட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது.

இயற்கையில் உள்ள கார்பனில் 99 விழுக்காடு கார்பன்-12. மீதி ஒரு விழுக்காடு, ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கார்பன்-13. கனமான அணுவின் பிணைப்பை உடைக்க இம்மியளவு கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் சதுப்பு நிலத்திலும், மாட்டின் இரைப்பையிலும், குப்பைமேட்டிலும், தண்ணீர் கட்டிய நெல்வயலிலும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் லேசான கார்பனையே அதிகம் எடுத்துக்கொள்கின்றன. பூமிக்கடியில் புதைந்த உயிர்ப்பொருளை வெப்பம் சிதைக்கும்போது இந்தப் பாகுபாடு குறைவு. காடும் புல்லும் எரியும்போதோ செடியின் கார்பன் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும்.

தென் கரோலினாவில் கிடைத்த பெலம்னைட் என்ற கடலுயிரின் புதைபடிவச் சுண்ணாம்பை வைத்து உருவான அளவுகோல் ஒன்று உண்டு. அதைவிடக் கார்பன்-13 ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்று கணக்கிடுவார்கள். நுண்ணுயிர் மீத்தேனில் சராசரியாக 62 குறைவு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில் 44. தீயில் 22 முதல் 25.

சரி, காற்றில்? சுமார் 47. உடனே ‘பெரும்பகுதி எரிவாயுதான்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்றில் மீத்தேனை அழிக்கும் ஹைட்ராக்சில் என்ற வேதித்துகள், லேசானதையே முந்தி அழிக்கிறது, கனமானது தங்கிவிடுகிறது. இதைக் கழித்துப் பார்த்தால், காற்றுக்குள் நுழையும் மீத்தேனின் சராசரி 53 அளவில் நிற்கும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

20ஆம் நூற்றாண்டில் மெல்லக் கனத்துவந்த காற்று மீத்தேன், 2007க்குப் பிறகு லேசாகிக்கொண்டே போகிறது. அதாவது, கூடியதில் பெரும்பங்கு நுண்ணுயிருடையது. 2020 முதல் 2022 வரையிலான பெரும் ஏற்றத்துக்கும் அதுவே காரணம் என்று கொலராடோ பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற 2024 ஆய்வு சொன்னது. எனக்கு இது கவலை தரும் செய்தி. கசியும் குழாயை அடைக்கலாம், வெப்பம் கூடியதால் கொப்பளிக்கும் சதுப்பு நிலத்தை எதைக் கொண்டு அடைப்பது?

ஆனாலும் இந்த எடைக்கணக்கில் குழப்பங்கள் உண்டு. மக்காச்சோளம் தின்ற மாட்டின் மீத்தேன், சாதாரணப் புல் தின்ற மாட்டினுடையதைவிடக் கனம். சில நிலக்கரிப் படுகைகளில் இருப்பதே நுண்ணுயிர் உண்டாக்கிய வாயு. அங்கெல்லாம் கதிரியக்கத்தால் மெல்லத் தேயும் கார்பன்-14 கைகொடுக்கும்: 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும் அது, கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய எரிபொருளில் துளியும் மிஞ்சாது. அப்புறம் அணு உலைகள் வந்து, தாங்களும் கார்பன்-14 மீத்தேனை வெளியிட்டு அந்தக் கணக்கையும் கலக்கின.

அதனால் ஆய்வாளர்கள் உலைகளுக்கு முந்தைய காற்றைத் தேடி கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குப் போனார்கள். தொழிற்புரட்சிக்கு முன் நிலத்தடியிலிருந்து தானாகக் கசிந்த மீத்தேன் மிகக் குறைவு என்று 2020இல் தெரிந்தது. அப்படியானால் இன்று நிலத்தடியிலிருந்து காற்றுக்கு வரும் பழைய மீத்தேனில் ஏறக்குறைய எல்லாமே நாம் தோண்டி வெளியே விட்டதுதான். அந்த நம் பங்கு முன்பு கணித்ததைவிட 25 முதல் 40 விழுக்காடு அதிகம்.