சின்ன வெங்காயம் இருப்பில் ஏன் பழுதாகிறது?

ஆடியில் கிண்டி எடுத்த வெங்காயம் ஐப்பசி மழைக்குள் பாதி அழுகிவிட்டால் திருகோணமலையில் நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கத்தில் அதைக் கட்டி வைத்த சாக்கைத்தான் குறை சொல்வார்கள். சாக்கிலும் பிழை உண்டு. ஆனால் பழுது பெரும்பாலும் பாத்தியிலேயே தொடங்கிவிடுகிறது.

நடுகை சிக்கலானதல்ல. 1 மீற்றர் அகலப் பாத்தி, சதுர மீற்றருக்கு 2 கிலோ உக்கிய மாட்டெரு. பச்சை எரு வேண்டாம், அழுகல் வரும். 2 மாதத்துக்கு மேல் இருப்பில் கிடந்த விதைக்காயை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில், நுனி வெளியே தெரிய நடுங்கள். ஆழப் புதைத்தால் காய் திரளாமல் நீளும்.

பிழை நடப்பது யூரியாவில். நமது கரையோர மணல் பசளையைப் பிடித்து வைக்காது. தாள் (வெங்காய இலை) சற்று வெளிறினாலும் கை யூரியாப் பையைத் தேடும். நட்டு 5 கிழமைக்குப் பின் போடுவது தாளைத்தான் வளர்க்கும், தாளும் காயும் சேரும் கழுத்தும் தடிக்கும். தடித்த கழுத்து லேசில் காயாது. அந்த ஈரத்தின் வழியே பக்டீரியா உள்ளே இறங்கும். வெளியே பளபளப்பான தோல், அமத்தினால் உள்ளே கூழ், கூடவே நாற்றம்.

அடுத்தது தண்ணீர். 60–70 நாளில் தாள் பாதிக்கு மேல் சாயும். கிண்டுவதற்கு ஒரு கிழமை முன்பே இறைப்பை நிறுத்திவிட வேண்டும்.

கிண்டியதும் தாளை அறுக்காதீர்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காயை மூடும்படி பரப்பி, 3 நாள் கச்சான் காற்றில் (ஆடியில் வீசும் வறண்ட தென்மேற்குக் காற்று) விடுங்கள். நேர் வெயில் பட்டால் காய் வெந்துபோகும். பிறகு ஒரு கிழமை நிழல். கழுத்தை இரு விரலால் நசித்து உருட்டுங்கள்: வழுக்கினால் ஈரம் இருக்கிறது, கடதாசிபோல் சரசரத்தால் சரி.

தடித்த கழுத்து, வெடிப்பு, மண்வெட்டி பட்ட காயம் உள்ளவற்றைப் பிரித்து முதலில் சம்பலுக்கும் சொதிக்கும் முடியுங்கள். மற்றதைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி, சுவரில் முட்டாமல் கம்பில் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பை, சீமெந்துத் தரை இரண்டும் ஆகாது. தோலுக்கடியில் கறுப்புத் தூள் கண்டால் அது பூஞ்சணம், காற்றோட்டம் போதவில்லை. மாரியில் வேர் கிளம்புவது காற்றின் ஈரத்தால். விறகடுப்பு எரியும் வீடானால் விதைக்காயை அடுப்புக்கு மேலே கட்டுங்கள், புகைச்சூடு ஈரத்தை அண்டவிடாது.

தாள் முறுகிக் கழுத்து நீண்ட செடிகள் நின்ற பாத்தியிலிருந்து விதைக்காய் எடுக்க வேண்டாம். அது ஒரு நோய், காயோடும் அடுத்த போகத்துக்குப் போகிறது.