கண்ணில் மாட்டிக்கொண்ட சட்டை

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். புதிதாகப் பால் பைத்தான் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்றை வாங்கினாராம். வந்த மூன்றாவது வாரத்தில் கண் இரண்டும் பாலாடை படிந்த மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் சாம்பல் பூத்து, அப்புறம் தோல் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்திருக்கிறது. கழுத்திலும் வால் நுனியிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொல்கிறாராம் அவருடைய ஆத்தா. "தடவலாமுங்களா?"

வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம் என்பதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். பால் பைத்தான் என்றதும் பால் குடிக்கும் பாம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த 'பால்' ஆங்கிலத்தில் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். பால் எந்தப் பாம்புக்கும் உணவல்ல. நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டுப் பாம்பு என்றாலும், அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சரி, சட்டைக்கு வருவோம்.

நம் தோலும் உரிகிறது, ஆனால் பொடிப் பொடியாக, நமக்கே தெரியாமல். பாம்பு அப்படிச் செய்வதில்லை. பழைய தோலுக்கு அடியிலேயே முழுசாக ஒரு புதுத் தோலைத் தைத்து முடித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்றுகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் பாம்பு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருக்கிறது.

அந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் எனக்குப் பிடித்த இடம். பழைய தோலின் கடைசி அடுக்குக்குத் தெளிவடுக்கு என்று பெயர். புதுத் தோலின் முதல் அடுக்குக்கு விஞ்ஞானிகள் ஒரு ஜெர்மன் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஓபர்ஹாய்ட்சென். 'மேலே உள்ள குட்டித் தோல்' என்று செல்லமாகச் சொல்வது போன்ற சொல். இந்த இரண்டு அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று பல் வைத்துக் கடித்துக்கொண்டே வளர்கின்றன. ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். கண்ணுக்குத் தெரியாத அளவில் கோடி ஜிப்பு பூட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் வந்ததும் நடுவே நிணநீரும் நொதிகளும் கசிந்து பூட்டைத் தளர்த்துகின்றன. அந்தத் திரவம் சேரும்போதுதான் கண் பாலாக மங்குகிறது. பிறகு திடீரென்று கண் தெளிந்துவிடும். வளர்ப்பவர் 'நோய் போயிற்று' என்று நிம்மதியடைவார். சில நாளில் பாம்பு உதட்டை ஒரு கல்லில் தேய்த்து ஓரத்தைக் கிளப்பி, அதிலிருந்து ஊர்ந்து வெளியே வரும். ஈரக் காலுறையைக் கழற்றினால் உட்புறம் வெளியே வருமே, அதே மாதிரி.

புதுத் தோலில் அந்தப் பற்களின் வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது. சட்டை உரித்த பாம்பின் மேல் வெயில் பட்டால் வானவில் ஓடுவதற்குக் காரணம் சாயமல்ல, இந்த நுண்ணிய மேடு பள்ளங்களில் ஒளி சிதறுவதுதான். நிறம் கீழ்த்தோலில் தங்கிவிடுவதால்தான் உரிந்த சட்டை வெளிறிப்போய்க் கிடக்கிறது.

காங்கயம் பக்கத்தில் எங்கள் அப்புச்சி தோட்டத்துக் கிளுவை வேலியில் இந்தச் சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். முள்ளில் மாட்டி இழுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் பாம்புக்கு ஏது? அம்மாவைப் பெற்ற அமுச்சி ஒன்றை எடுத்துப் பீரோவில் வைத்திருந்தார், காசு தங்குமென்று. தங்கவில்லை. 'ஆறு முழம் சட்டை, ஆறு முழப் பாம்பு' என்று ஊரே பயந்ததும் வீண். செதிலுக்கு நடுவே மடிந்திருந்த தோல் விரிந்துகொள்வதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம்.

இனி, தம்பியின் பாம்புக்கு என்ன ஆயிற்று? கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டியின் மடிப்பைப் பிரித்திருக்கிறீர்களா? தண்ணீர் தெளித்தால் வழுக்கிக்கொண்டு பிரியும், தெளிக்காமல் இழுத்தால் கிழியும். ஈரமில்லாத தோல் முறுமுறுவென்று ஆகித் துண்டாகிவிடுகிறது. பங்குனி, சித்திரை மதியங்களில் ஈரோட்டுக் காற்றில் என்ன ஈரம் இருக்கும்? அதற்கு மேல் ஏசி வேறு.

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு, நடு ஆப்பிரிக்கா. வெளியே வறண்டாலும் அது பகலில் கிடப்பது எலி வளையிலும் கரையான் புற்றிலும். புற்றுக்குள் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். நாம் புற்றைக் கும்பிடுகிறோம், பாம்பு அதை ஈரத்துக்காகத் தேடிப் போகிறது. பால் ஊற்றுவதைவிட இந்த விஷயம் எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஆகவே உங்கள் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு புற்றுக் கட்டுங்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையுமளவு ஓட்டை போட்டு, கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவை உள்ளே நிரப்புங்கள். பொள்ளாச்சியில் அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றும் அதே சரக்குதான், வெளிநாட்டில் பாம்பு வளர்ப்போரும் வாங்குகிறார்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமலும், உரிக்கும் நாட்களில் 70-க்கு மேலும் இருக்கட்டும். ஒட்டியிருப்பதை எடுக்க, 30 டிகிரி வெதுவெதுப்பில், உடம்பின் பாதி உயரத்துக்கும் குறைவான தண்ணீரில் இருபது நிமிடம் விட்டு, பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத்துண்டுக்கு நடுவே ஊர விட்டால் அதுவே உரித்துக்கொள்ளும். வால் நுனியை மறக்காதீர்கள். அங்கே தங்கிய தோல் வளையம் இறுகி ரத்தத்தை நிறுத்தினால் நுனி செத்துவிடும். எண்ணெய் ஈரத்தைத் தராது, அழுக்கைத்தான் பிடிக்கும்.

ஈரம் சரியாக இருந்தும் உரியவில்லையென்றால் கண்ணோரத்தையும் தாடைக்கு அடியையும் பாருங்கள். கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக ஏதாவது நகர்ந்தால் அது பாம்பின் ரத்தம் குடிக்கும் குட்டி உண்ணி, கோழிச் செள்ளுக்குச் சொந்தக்காரன். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பதும் அதன் அடையாளம். அந்த உண்ணியின் முட்டை பாம்பின் மேல் இருக்காது, கூண்டு இடுக்கில் இருக்கும். பாம்பை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. வயிற்றுச் செதில் சிவந்து கொப்புளம் கிளம்பினால் கதை தலைகீழ்: ஈரம் அதிகமாகி, தரை அழுக்காகி, பாக்டீரியா ஏறியிருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட், அதாவது மின்சூட்டு விரிப்பு, சுட்ட புண்ணும் இப்படித்தான் தெரியும். இரண்டுக்குமே மருத்துவர் வேண்டும்.

அவர் கிடைப்பதுதான் கஷ்டம். கோழிக்கும் மாட்டுக்கும் கொங்கு நாட்டில் வைத்தியர் உண்டு, பாம்பைக் கையில் எடுப்பவர் அபூர்வம். நான் ஒருமுறை கூப்பிட்ட இடத்தில் "வாயைக் கட்டிக் கொண்டு வாங்க" என்றார்கள். பாம்பு ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் வரும் கொஞ்சப் பணமும் விஷத்துக்கே போவதாக எனக்குத் தோன்றுகிறது. நியாயம்தான், கடிபட்டுச் சாகிறவர்கள் நம்மிடம் அதிகம். ஆனால் உரிந்த பாம்புச் சட்டையை மனிதத் தோலுக்குப் பதிலாக வைத்து, மருந்து தோல் வழியே எப்படி ஊடுருவுகிறது என்று அளக்கும் ஆய்வகங்கள் உலகில் இருக்கின்றன. வேலியில் சும்மா தொங்குவதற்கு அவ்வளவு மதிப்பு.

கடைசியாகக் கண். பாம்புக்கு மூடித் திறக்கும் இமை இல்லை. இமைகள் ஒட்டிக் கண்ணாடியான செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது, அதுவும் சட்டையோடு உரியும். உரியாமல் நின்றால் இடுக்கியால் பிடுங்காதீர்கள், கண்ணே போய்விடும். ஈரத்தைக் கூட்டி அடுத்த உரிப்புவரை காத்திருங்கள், அப்போதும் வரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். அடுத்த சட்டை கிடைத்ததும் தலைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு குட்டிக் கண்ணாடி வில்லைகள் இருக்க வேண்டும், அமுச்சியின் பீரோச் சட்டையில் இருந்த மாதிரி. அங்கே ஓட்டை தெரிந்தால் வில்லை இன்னும் பாம்பின் கண்ணிலேயே இருக்கிறது.