எலிக்குட்டி ஏன் சீக்கிரம் கண் திறந்தது?

பிறந்த எலிக்குட்டி கண் திறக்கக் கிட்டத்தட்ட 2 வாரம் ஆகும். உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோயனின் ஆய்வகத்தில் அது ஒரே வாரத்தில் கண் திறந்தது, பல்லும் முந்தி முளைத்தது. வளர்ந்த எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் எடுத்த சாற்றைக் குட்டிகளுக்கு ஊசி போட்டிருந்தார், அவ்வளவுதான். அவர் முதலில் தேடியது நரம்பை வளர்க்கும் பொருளை. ஆனால் குட்டியின் கண்ணை அவர் கவனித்தார், அதையே தொடர்ந்து போனார். 1962-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். இன்று அதன் பெயர் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈஜிஎஃப். 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்.

ஈஜிஎஃப் 53 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். சின்னது என்றாலும், கொழுப்பாலான செல் சவ்வை அதனால் ஊடுருவ முடியாது. அப்படியென்றால் "வளர், இரண்டாகப் பிரி" என்ற சேதி உள்ளே இருக்கும் உட்கருவுக்கு எப்படிப் போகிறது?

சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் ஏற்பி என்ற நீளமான புரதம்தான் அந்த வேலையைச் செய்கிறது. வெளியே ஒரு பெரிய தலை, உள்ளே ஒரு நொதியும் வாலும், நடுவே சவ்வுக்குள் ஒற்றை இழை. சும்மா இருக்கும்போது தலை மடங்கியே கிடக்கும். ஈஜிஎஃப் வந்து ஒட்டியதும் மடிப்பு விரியும். அதுவரை மறைந்திருந்த ஒரு கை வெளியே நீளும். பக்கத்தில் இதேபோல் விரிந்து நிற்கும் இன்னொரு ஏற்பியின் கையோடு அது கோத்துக்கொள்ளும். வெளியே தலைகள் சேர்ந்ததால் உள்ளே இருக்கும் இரண்டு நொதிகளும் நெருங்கிவிடும். ஒன்று மற்றொன்றின் மேல் அழுந்தி அதை எழுப்பும். எழுந்த நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வாலில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிவைக்கும்.

இந்த டைரோசின் ஒட்டலைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1979-இல் டோனி ஹன்டர், புற்றுநோய் வைரஸ் ஒன்றின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமினோ அமிலங்களைப் பிரிக்க 1.9 அமிலநிலை (pH) கொண்ட கரைசல் வேண்டும். புதிதாகத் தயாரிக்காமல் பழையதையே மறுபடி பயன்படுத்தினார். அது 1.7-க்கு இறங்கியிருந்தது. சரியான கரைசலில் பாஸ்பேட் ஏறிய டைரோசினும், த்ரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பழைய கரைசலில் இரண்டும் தனித்தனியாக நின்றன! சாதாரண செல்லில் புரதங்களில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டில் டைரோசின் மேல் இருப்பது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வளவு அரிதான ஒன்று அன்று கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே, ஈஜிஎஃப் ஏற்பி செய்வதும் இதே டைரோசின் வேலைதான் என்று கோயனின் ஆய்வகம் காட்டியது.

அப்புறம் நடப்பது கைமாற்று. வாலில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடிக்க கிராப்2 என்ற புரதம் வரும். அது எஸ்ஓஎஸ் என்ற புரதத்தைக் கூடவே இழுத்து வரும். சவ்வின் உள்பக்கம் ராஸ் புரதம் GDP என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். எஸ்ஓஎஸ் அந்த GDP-யைக் கைவிட வைக்கும், அந்த இடத்தில் GTP என்ற இன்னொரு மூலக்கூறு ஏறும். ராஸ் விழித்துக்கொண்டதும் ராஃப், மெக், எர்க் என்று வரிசையாக ஒன்று அடுத்ததை முடுக்கும். கடைசியில் எர்க் உட்கருவுக்குள் போய், மரபணுக்களை இயக்கும் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும். ஈஜிஎஃப் வந்து தொட்ட அரை மணி நேரத்துக்குள் ஃபாஸ் போன்ற மரபணுக்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

தொடங்கியது நிற்கவும் வேண்டும். ராஸ் தன் GTP-யை, துணைப் புரதம் ஒன்றின் உதவியோடு, தானே வெட்டி அணைந்துவிடும். ஏற்பியையோ செல் ஒரு சவ்வுப் பையில் உள்ளே இழுத்து, பெரும்பாலும் செல்லின் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமில் போட்டுச் சிதைத்துவிடும். இந்த அணைப்பு கெட்டால்தான் ஆபத்து. ராஸில் 12-ஆம் இடத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறிப்போனால் ராஸ் GTP-யை வெட்டாது, விழித்தபடியே இருக்கும். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸ் இந்த ஏற்பியையே திருடி வைத்திருக்கிறது என்று 1984-இல் தெரியவந்தது. திருடிய ஏற்பியில் தலை இல்லை. கேட்க எதுவும் இல்லாமலே அது "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

சில நுரையீரல் புற்றுநோய்களிலும் ஏற்பியின் நொதிப் பகுதி பழுதாகித் தானாகவே விழித்திருக்கும். ஜெஃபிடினிப் மாத்திரை, ஏடிபி வந்து உட்காரும் குழியில் தான் போய் உட்கார்ந்து நொதியை முடக்குகிறது. சில நோயாளிகளுக்கு மட்டும் கட்டி மளமளவென்று கரைந்ததற்குக் காரணம் இந்தப் பழுதுதான் என்று 2004-இல் புரிந்தது. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. பாதிப் பேருக்குமேல், ஏற்பியின் 790-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தையும் சமாளிக்கும் ஒசிமெர்டினிப் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.